உதுமான் கட்டிய காது

பசுந்தாங், ரங்கூன்
1926 ஏப்ரல், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள்

அன்பு மருமகள் சைதா பீவிக்கு மாமா அப்துல் பாரி துஆவோடு எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் உன் மாமியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நோன்பை முடித்தோம். நாகூரில் நீயும், கைக்குழந்தை பரீதாவும், உன் வாப்பா உம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உனக்குக் கடிதம் எழுதித் தருகிற அடுத்த வீட்டு வாத்தியாரே இதையும் வாசித்துக் காட்டுவார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு என் ஸலாம். கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறவர் என்றும் எழுதியிருந்தாய். அதனால் உன் மாமி இந்த நோன்பு மாதம் முழுக்க எனக்கு உப்பில்லாத கஞ்சி போட்டதைப் பற்றி இதில் ஒன்றும் எழுதப்போவதில்லை.

உன் புருஷன் உதுமான் போயிருக்கிற இடத்தைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாய். அது என்ன ஊர், அங்கே மரம் உண்டா, பள்ளிவாசல் உண்டா என்று. அது ஊரே இல்லை மகளே. கப்பல் செங்கடலுக்குள் போய் ஒரு மொட்டைக் கரையில் நங்கூரம் போடுமாம். அங்கிருந்து சின்ன ரயிலில் பாலைவனத்துக்குள் போனால் ஒரு பெரிய பள்ளம் வரும். எங்கோ பெய்கிற மழை வடிந்து வந்து அதில் நின்று, வெயிலில் வற்றி, பாலாடை கட்டினது போல வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. அரபியில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, என் வாயில் நுழையவில்லை. நம் ஆட்கள் வெள்ளைப் பொட்டல் என்கிறார்கள். உறைந்து கிடப்பது உப்பு இல்லை, சலவைக்காரம். வண்ணார் துணி வேகவைக்கப் போடுகிறார்களே, அதுதான். இங்கே சவுக்காரம் காய்ச்சுகிறவர்களுக்கும் அது இல்லாமல் அடுப்பு எரியாது.

கப்பல் சாரங்கு ஒருவன் அந்த இடத்தின் கதையை எனக்குச் சொன்னான். முதலில் அது ஒட்டகக்காரர்களின் சொத்து. கோடரியால் பாளம் பாளமாக வெட்டி, ஒட்டகத்தில் ஏற்றிப் போய்ச் சந்தைகளில் விற்றார்கள். ஒரு பாளத்துக்கு ஒரு பை பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு திருப்தியாக இருந்தார்கள். பெரிய சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஒருவன் அந்தச் சந்தையில் கைக்குட்டையைத் துவைத்துப் பார்த்தானாம். அது பளிச்சென்று வந்ததும் ஒட்டகத்தின் பின்னாலேயே நடந்து போய் இடத்தைப் பார்த்துவிட்டான். அப்புறம் சொல்ல வேண்டுமா. கூடாரம் வந்தது, சண்டை வந்து கூடாரம் போனது, சண்டை முடிந்து கம்பெனியே வந்தது. தண்டவாளம் போட்டார்கள், கொதிகலன் வைத்தார்கள். பாளத்தை வெந்நீரில் கரைத்து, மண்ணை அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் தொட்டிகளில் வற்றவைத்து, சூளையில் வறுத்து, மாவாக ஆக்கி மூட்டை கட்டுகிறார்கள். குடிக்கத்தான் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதுவும் படகில் வர வேண்டும்.

அந்த மாவு எந்தச் சாக்கிலும் நிற்கவில்லை. போகிற வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போனது. அவர்களுக்கு அரிசியும் வெறும் சாக்கும் ரங்கூனிலிருந்துதான் போகிறது. அரிசி ஆலைகளில் சாக்கு தைக்கிறவர்களின் கையைப் பார்த்த கப்பல்காரர்கள்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மொகல் தெரு மேஸ்திரி ஆள் பிடித்தார். மழைக்காலத்தில் ஆலை மூடிக்கிடக்கிறது, மூன்று வருஷம் போய் வருகிறேன் வாப்பா என்று உதுமான் கேட்டான். ஆலையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து தைக்கும் பர்கத்துல்லாவும் போகிறான் என்பதால் நான் தடுக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

கடைசிக் கடிதம் நோன்புக்கு முன்னால் எனக்கு வந்தது. கம்பெனி குமாஸ்தா எழுதிக் கொடுத்தது, எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுகிறவர் போலிருக்கிறது. நலம், வேலை நடக்கிறது, கவலை வேண்டாம். பரீதா பிறந்த செய்தி கிடைத்ததா என்றுகூட அதில் இல்லை. உனக்கு அதுவும் வரவில்லை என்று அழுதிருக்கிறாய். வாத்தியார் கடிதத்தில் அழுகையை எழுதாமல் விட்டாலும் எனக்குத் தெரிகிறது.

அழாதே. உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது ஆலையில் வேலை இல்லை, கால்வாய்க்கரைக் கிட்டங்கி ஒன்றில் கிழிந்த மூட்டைகளைத் தைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் அங்கே வந்து இறங்கியது வெள்ளைப் பொட்டல் மூட்டை. தூக்குவதற்குப் பிடி வேண்டும் என்று மூட்டையின் இரண்டு மூலையையும் முறுக்கிச் சணலால் கட்டுவோம், அதற்குக் காது என்று பெயர். எல்லாரும் இரண்டு சுற்றுச் சுற்றி முடி போடுவார்கள். எனக்கு ஆலைப் பட்டையில் மாட்டி வலது ஆள்காட்டி விரல் போனதிலிருந்து அப்படி இறுக்க முடியாது. கட்டைவிரலால் மூன்று சுற்றுச் சுற்றி, வாலை இடப்பக்கம் அடியில் செருகிவிடுவேன். யார் பிடித்துத் தூக்கினாலும் அவிழாது. வாலை இழுத்தால் மட்டும் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். உதுமானுக்குப் பத்து விரலும் இருக்கிறது. இருந்தும் என்னைப் பார்த்துப் பழகினதால் அவனும் நொண்டிக் காதுதான் கட்டுவான். ஆலையில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்த மூட்டைக் குவியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்தக் காதைப் பார்த்தேன் மகளே. உலகத்தில் இரண்டு பேர்தான் இப்படிக் கட்டுவோம், ஒருவன் நான். நான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கிட்டங்கி கணக்கப்பிள்ளை வெயில் தலைக்கேறிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனிமேல் குமாஸ்தா கடிதம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. கப்பல் வரும்போதெல்லாம் நான் பார்த்து எழுதுகிறேன். பரீதாவுக்கு என் முத்தம்.

துஆவோடு,
மாமா அப்துல் பாரி


பசுந்தாங், ரங்கூன்
1927 ஜூன், ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து

அன்பு மகள் சைதாவுக்கு மாமாவின் துஆ. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்து, கீழ்வீட்டு பர்மாக்காரி டோ சீன் தன் ஙப்பி மீன்விழுதுப் பானைகளைக் கொண்டுவந்து நம் மாடிப்படியில் வைத்திருக்கிறாள். வீடு முழுக்க அந்த வாசனைதான். உன் மாமிக்கும் அவளுக்கும் இதனால் ஒரு நாள் சண்டை, மறுநாள் இருவரும் சேர்ந்து அதே ஙப்பியில் குழம்பு. மற்றபடி சுகம்.

உன் கடிதமும் உன் வாப்பா கடிதமும் ஒரே உறையில் வந்தன. உன்னுடையதை முதலில் படித்தேன். கந்தூரிக்குச் சந்தனக்கூடு பார்க்கப் போனதையும், புடவை புதிதாகக் கட்டியதையும், பரீதா நகரா முரசுச் சத்தத்துக்குப் பயந்து உன் தோளில் முகம் புதைத்ததையும் இப்போதுதான் எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் கழித்தாவது எழுதினாயே. பெரிய சந்தோஷம்.

உன் வாப்பாவுடையதைப் பிறகு படித்தேன். கோபம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை, ஆள் இருக்கிறானா இல்லையா என்று ஜமாஅத்தில் வைத்துக் கேட்கலாமா, பெண் சின்ன வயதுக்காரி என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை, பெண்ணைப் பெற்றவர். ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பற்றி அவன் வாப்பாவிடமே இப்படிக் கேட்கலாமா. அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். நீ நடுவில் வராதே.

உன் புருஷன் இருக்கிறான் சைதா. நன்றாக இருக்கிறான். முன்பு நூற்றில் சிலதுதான் அவன் கட்டிய காதாக இருக்கும் என்று சொன்னேன் இல்லையா. மழைக்கு முந்தைய கப்பலில் பாதி மூட்டை அவனுடையது. போன வாரம் வந்த கப்பலில் ஒன்று விடாமல் எல்லா மூட்டையும் மூன்று சுற்று, இடப்பக்கம் வால். கிட்டங்கிக் கூரை வரை அடுக்கியிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கைதான். அவனைத் தலைமைத் தையல்காரனாக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் மூட்டை வாயைத் தைத்துக் கொடுக்க, காதை இவனே கட்டுகிறான். யாரையும் நம்ப மாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இவ்வளவையும் ஒரு கையா கட்டும் என்று உன் மாமி கேட்டாள். அரிசி புடைக்கிற உனக்குச் சாக்கைப் பற்றி என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைப் பொட்டலும் முன்பு போல இல்லையாம். இரண்டாவது கொதிகலன் வந்திருக்கிறது, சூளையும் இன்னொன்று கட்டியிருக்கிறார்கள். ஏமன்காரர்கள், சோமாலிகள், நம் ஆட்கள் என்று வரிசை வரிசையாகத் தகரக் குடிசைகள். தொழுகைக்கு ஓர் ஓரமாகக் கல் அடுக்கி இடம் வைத்திருக்கிறார்கள், கிப்லாவாகிய மக்கா அங்கிருந்து பக்கம்தான், நமக்குத்தான் தூரம் என்றான் சாரங்கு. கண் கூசாமல் இருக்க எல்லாரும் கண்ணுக்குக் கீழே கரி பூசிக்கொள்கிறார்களாம். உதுமான் அப்படிக் கரி பூசிக்கொண்டு இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சாரங்குக்கு அவனைத் தெரியாது, அவன் கரையோடு திரும்பிவிடுகிறவன். தெரிந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

குமாஸ்தா ஏன் எழுதுவதில்லை என்று மேஸ்திரியைக் கேட்கலாம் என்று மொகல் தெருவுக்குப் போனேன். கடையைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். அந்த இடத்தில் இப்போது குடை ரிப்பேர் செய்கிறான் ஒருவன். போனால் போகட்டும். மேஸ்திரி இல்லாவிட்டால் மூட்டை வராமல் நின்றுவிடுமா.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை பார்க்காத நேரம் ஒரு மூட்டையின் காதை அப்படியே வெட்டி எடுத்தேன். அவிழ்ந்துவிடாமல் பத்திரமாக மடித்திருக்கிறேன். உன் மாமி தனக்கு வேண்டும் என்றாள், உனக்கு இன்னொன்று வெட்டித் தருகிறேன் என்று சமாதானம் சொன்னேன். பரீதாவின் தொட்டில் கயிற்றில் இதைக் கட்டு. வாப்பா கை பட்டது என்று சொல்லி வளர்த்தால் அவன் வந்து நிற்கும்போது குழந்தை அழாது. கொஞ்சம் காரம் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுக் கட்டு, வாயில் வைத்துவிடப் போகிறாள்.

கண்ணாடி வளையலும் அனுப்பியிருக்கிறேன். மண்டலேயில் செய்தது, பச்சை. மொட்டைக் கையோடு இருக்கிறாய் என்று உன் உம்மா எழுதச் சொன்னாராம். அது கூடாது. நான் சொல்கிறேன், போட்டுக்கொள். அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிகிறது. அவன் கப்பலிலிருந்து இறங்கினால் ஒரு நாள்கூட இங்கே நிறுத்தி வைக்க மாட்டேன், நேரே நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றிவிடுவேன். அதுவரை பொறுத்திரு. உன் பொறுமைக்கு ஆண்டவன் குறை வைக்க மாட்டான்.

துஆவோடு,
மாமா அப்துல் பாரி


பசுந்தாங், ரங்கூன்
1928 பிப்ரவரி, ஷஅபான் மாதம்

என் மகள் சைதாவுக்கு.

இந்தக் கடிதத்தைத் தமிழ் எழுத்தில் எழுதவில்லை என்று பிரித்த உடனே உனக்குத் தெரிந்திருக்கும். அரபுத் தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்கு அது பழக்கம் விட்டுப்போய் ஒவ்வொரு எழுத்தாக யோசித்து எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திப் படி. நீ சின்ன வயதில் ஓதப் போனவள், அரபுத் தமிழ் மாலைகளை ராகம் போட்டுப் படிப்பவள். உன்னால் படிக்க முடியும், வாத்தியாரால் முடியாது. அதற்காகத்தான். கூடத்தில் படிக்காதே. உள்ளே போய், உன் உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. பரீதாவை யாரிடமாவது கொடு.

நலம் என்று தொடங்குகிற வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

வெள்ளைப் பொட்டலை மூடிவிட்டார்கள். அதை முதலில் சொல்கிறேன். மேலே இருந்த வெள்ளையெல்லாம் வெட்டி முடிந்து, அடியில் கறுப்புச் சேறு வந்துவிட்டதாம். கரைத்தால் தெளியவில்லை, வறுத்தால் பழுப்பாக வந்தது. அதோடு சீமையில் எங்கோ சாதாரண உப்பிலிருந்தே காரம் செய்து இதைவிட மலிவாக விற்கிறார்களாம். பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஆளை வைத்து வெட்டுவது கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் காலையில் சூளையை மூட்ட வேண்டாம் என்றார்கள். ரயில் பெட்டிகளைக் கரையில் வரிசையாக விட்டுவிட்டு வெள்ளைக்காரர்கள் முதல் படகில் ஏறிப் போனார்கள். கொதிகலன் அங்கேயேதான் நிற்கிறது, அதைத் தூக்க ஆளில்லை. இப்போது பழையபடி ஒட்டகக்காரர்கள் வந்து ஓரங்களில் பாளம் வெட்டிக்கொண்டு போகிறார்களாம். அவர்கள் எவ்வளவோ வருஷம் வெட்டியும் தீராததை நாம் இத்தனை சீக்கிரம் தீர்த்துவிட்டோம்.

கடைசி மூட்டைகளும் கடைசி ஆட்களும் ஒரே கப்பலில் வந்தார்கள். மூட்டை கிட்டங்கிக்கு வந்த அன்று நான் வாசலிலேயே நின்றேன். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உன் மாமி வெள்ளாட்டுக் கறி வாங்கிவைத்திருந்தாள். படகிலிருந்து பர்கத்துல்லா இறங்கினான். அடையாளமே தெரியவில்லை, புருவம்கூட நரைத்திருந்தது. உதுமான் எங்கேப்பா, பின்னால் வருகிறானா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கேட்டான், வாப்பா உங்களுக்கு மேஸ்திரி சொல்லவில்லையா என்று.

சைதா, என் மகன் மவுத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் உனக்கு முதல் கடிதம் எழுதிய அதே ஆண்டு, ஸஃபர் பிறையின் ஆரம்ப நாட்களில் போய்விட்டான்.

பர்கத்துல்லா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ வேறு யாரிடமும் கேட்டு அலையக்கூடாது என்று. அந்த மாதம் எதிர்க்காற்றில் தண்ணீர்ப் படகு வரவில்லை. ஆளுக்கு ஒரு குவளை என்று அளந்து கொடுத்தார்கள். சாக்கு தைக்கிற கொட்டகை சூளைக்குப் பக்கத்தில், மூக்கெல்லாம் காரம். மத்தியானம் வரை தைத்தான். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தான். நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈரத்துணி போட்டார்கள், அதற்கும் தண்ணீர் இல்லை. பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்குள் முடிந்துவிட்டது. கலிமா சொல்லிக் கொடுத்தது பர்கத்துல்லா. குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் மண்ணைத் தடவித் தயம்மம் செய்து தொழுதார்கள். பொட்டலில் குழி வெட்டினால் காரத்தண்ணீர் ஊறும் என்று, கூழாங்கல் மேடு ஒன்றுக்குத் தூக்கிப்போய் அடக்கினார்கள். தலைமாட்டில் உடைந்த தண்டவாளத் துண்டு ஒன்றை நட்டிருக்கிறார்களாம். இங்கே தாமுவே மையவாடியில் எனக்கு முன்னால் போன எத்தனை பேர் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை போய் நின்று பாத்திஹா ஓதிவிட்டு வருகிறேன். பெற்ற பிள்ளைக்குத்தான் போய் நிற்க இடமில்லை.

பரீதா பிறந்தது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். அன்று கொட்டகையில் எல்லாருக்கும் தன் பங்குச் சீனியைக் கொடுத்துவிட்டானாம்.

நீ இப்போது கேட்பாய், அப்படியானால் மூட்டைகள் என்று. நானும் அதைத்தான் கேட்டேன். முதல் கோடையிலேயே சாதாரண முடி போட்ட காதெல்லாம் படகில் ஏற்றும்போது அவிழ்ந்து கொட்டியிருக்கிறது. இவன் கட்டியது மட்டும் நின்றது. அதைப் பார்த்த கங்காணி, எல்லாரும் உதுமான் மாதிரியே கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டான். உதுமான்தான் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஏமன்காரர்களுக்கும் சோமாலிகளுக்கும் கூடச் சொல்லிக் கொடுத்தானாம், ஆள்காட்டி விரலை மடக்கிவைத்துக்கொண்டு கட்டு, அப்போதுதான் வரும் என்று. பாதிப் பேர் பழகுவதற்குள் அவன் போய்விட்டான். மீதிப் பேருக்கு பர்கத்துல்லா சொல்லிக் கொடுத்தான். எல்லாரும் பழகி முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

ஒவ்வொரு காதுக்கும் பிஸ்மி சொல்லி, என் சிநேகிதன் ஞாபகத்துக்கு என்று கட்டினேன் வாப்பா, அதை இங்கே நீங்கள் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதே என்று அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். சாவைப் பற்றி எழுதினால் புது ஆள் வரமாட்டான் என்று குமாஸ்தா அப்படிப்பட்ட கடிதங்களை எழுதவே மாட்டாராம். மேஸ்திரிக்குச் சொல்லியாயிற்று, அவர் வீட்டுக்குச் சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். அவனும் நம்பியிருக்கிறான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து உன் மாமியிடம் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று ஒரே வார்த்தை சொன்னாள். அடுப்பில் இருந்த கறியை இறக்கி, டோ சீனைக் கூப்பிட்டுச் சட்டியோடு கொடுத்துவிட்டாள். அந்த பர்மாக்காரி சட்டியை வைத்துவிட்டு விடிய விடிய இவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் மவுத்துக்காக நீ இருக்க வேண்டிய இத்தாவைப் பற்றிப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டேன். இத்தா என்பது மவுத்தான நாளிலிருந்துதான் தொடங்கும், செய்தி வந்த நாளிலிருந்து அல்ல, நான்கு மாதமும் பத்து நாளும் எப்போதோ கழிந்துவிட்டது, இனி அந்தப் பிள்ளை இருக்க வேண்டியதில்லை என்றார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். அது முடிந்த நேரம் நாகூரில் கந்தூரி. நீ புதுப்புடவை கட்டிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தனக்கூடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று ஆலிம் சொல்கிறார். அந்தப் புடவையை எண்ணி நீ வருந்தாதே. உனக்குத் துக்கம் கொண்டாடக்கூட நேரம் கிடைக்கவில்லையே என்று நான்தான் வருந்துகிறேன்.

பச்சை வளையலை உடைக்காதே மகளே. பக்கத்து வீட்டார் யாராவது சொல்வார்கள், சொன்னால் மாமா வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்று சொல். பரீதாவின் தொட்டிலில் தொங்குகிற காதை எடுத்து எறிந்துவிடாதே. அது உன் புருஷன் கட்டியதல்ல. யார் கட்டியதென்று எனக்கும் தெரியாது. ஆனால் அவனிடம் கற்றுக்கொண்ட ஒருவன் கட்டியது.

உன் வாப்பாவுக்கு நான் அன்று சூடாக எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடச் சொல். அவர் கேட்டதுதான் சரி. அவர் இனிமேல் உனக்கு ஓர் இடம் பார்த்தால் மறுக்காதே. எங்களை நினைத்து மறுக்காதே. யார் வீட்டுக்குப் போனாலும் நீ என் மகள்தான், அதில் மாற்றமில்லை. உனக்கும் பரீதாவுக்கும் நீண்ட ஆயுளும் நிழலான வீடும் தண்ணீருக்குக் குறைவில்லாத கிணறும் ஆண்டவன் தரட்டும். இப்போதெல்லாம் துஆவில் முதலில் தண்ணீரைத்தான் கேட்கிறேன்.

கடை வைத்திருக்கிற அமீர் அலி ஊருக்கு வருகிறார். கடிதத்தை முதலில் கொடுங்கள், நீங்கள் கொண்டுபோகிற மூட்டையை மறுநாள் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மூட்டை பெரிதல்ல. பர்கத்துல்லா கொண்டுவந்த உதுமானின் தொப்பி, ஒரு கைலி, கோணி ஊசி, இவ்வளவுதான் இருக்கிறது. ஊசி காரத்தில் அரித்துப்போயிருக்கிறது, குழந்தை கையில் படாமல் வை. எல்லாவற்றையும் புதுச் சாக்கில் வைத்துத் தைத்து இரண்டு மூலையிலும் காது கட்டியிருக்கிறேன். கத்தி போட்டு அறுக்காதே. இடப்பக்கம் வால் இருக்கும், அதைப் பரீதாவை இழுக்கச் சொல். பொலபொலவென்று அவிழும், குழந்தை சிரிப்பாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூட்டை வந்ததும் அந்தக் காதைப் பார்ப்பாய். பார்த்த உடனே உன் மனசு ஒரு நொடி துள்ளும். கிட்டங்கியில் எனக்கு இன்னும் துள்ளுகிறது. துள்ளவிடாதே சைதா. அதைக் கட்டியது நான்.

துஆவோடு,
உன் மாமா அப்துல் பாரி